வழக்கறிஞர் இல்லாமல் அப்பீல்: எந்தத் தாள், எப்போது?

(இந்தப் பகுதியில் பதில் எழுதுபவர், சிங்கப்பூரில் வழக்கறிஞர் அலுவலகத்தில் நீண்ட காலம் வழக்குத் தாள்களைத் தயாரிக்கும் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: அக்கா, வணக்கம். காப்பிக்கடையில் நடந்த சண்டையில் ஒருவரை அடித்துக் காயப்படுத்தியதாக என்மீது தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவின்கீழ் வழக்கு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் நானே வாதாடினேன். குற்றவாளி என்று தீர்ப்பாகி மூன்று வாரச் சிறை விதித்தார்கள். "அப்பீல் செய்கிறேன்" என்று நீதிபதியிடமே சொன்னேன், பிணையில் விட்டிருக்கிறார். எட்டு நாள் ஓடிவிட்டது. நோட்டீஸ் ஆஃப் அப்பீல், ரெக்கார்ட் ஆஃப் புரொசீடிங்ஸ், பெட்டிஷன் ஆஃப் அப்பீல் என்று நண்பர் அடுக்குகிறார். எதை எப்போது கொடுப்பது என்று புரியவில்லை. என் பக்க நியாயத்தைப் பதினொரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்தால் போதுமா?
- ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த அன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை உங்கள் கெடு காத்திருக்காது. அதில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே குழப்பத்தோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

நீதிபதியிடம் வாயால் சொன்னது அப்பீல் ஆகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுப்படி, தண்டனை விதித்த நாளுக்குப் பின் 14 நாளுக்குள் நோட்டீஸ் ஆஃப் அப்பீலை, அதாவது அப்பீல் செய்கிறேன் என்ற அறிவிப்பை, எழுத்தில் பதிவுசெய்து அதற்குரிய கட்டணத்தையும் கட்ட வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன நாளும் தண்டனை விதித்த நாளும் வேறு வேறாக இருந்தால், தண்டனை நாளையே கணக்கில் எடுக்க வேண்டும். அப்பீல் செய்யப்போகிறீர்கள் என்பதால்தான் உங்களைப் பிணையில் விட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் போகவில்லை என்றால் அந்தப் பிணைக்கு அடிப்படையே இல்லை, சிறைக்குப் போக வேண்டியதுதான். அப்பீல் போட்டாலே தண்டனை தானாக நின்றுவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. நிற்காது. நிறுத்திவைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த நோட்டீஸ் மிகச் சிறிய தாள். எந்தத் தீர்ப்பை எதிர்க்கிறீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். குற்றத் தீர்ப்பை மட்டுமா, தண்டனையை மட்டுமா, இரண்டையுமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். நீதிமன்றத் தாள்கள் வந்துசேர வேண்டிய முகவரியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். ஏன் எதிர்க்கிறீர்கள் என்ற காரணங்களுக்கு இதில் வேலையே இல்லை. வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் இதைக் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அது ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்கள். வழக்கறிஞர் இல்லாதவர்கள் கெடுவைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதை என் வேலையில் கண்டிருக்கிறேன். முதல் தாளிலேயே எல்லா நியாயத்தையும் கொட்டிவிட வேண்டும் என்று இரவு பகலாக எழுதுவார்கள், திருத்துவார்கள், ஆங்கிலம் தெரிந்த பிள்ளையைத் தேடுவார்கள். நாள் போய்விடும். உங்கள் பதினொரு பக்கத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். இப்போது அந்தச் சின்னத் தாளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

முகவரி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அறை வாடகைக்கு எடுத்து இருப்பவர்கள், வீடு மாறப்போகிறவர்கள், உறுதியாகக் கடிதம் வந்துசேரும் ஓர் இடத்தைக் கொடுங்கள். அக்காள் வீடோ அப்பா வீடோ எதுவானாலும் பரவாயில்லை. அடுத்த கெடு அந்தக் கதவைத் தட்டித்தான் தொடங்குகிறது.

நோட்டீஸ் போன பிறகுதான் உங்களை விசாரித்த நீதிபதி, இன்ன காரணத்தால் இப்படித் தீர்ப்பளித்தேன் என்று விரிவாக எழுதுவார். அதுதான் கிரவுண்ட்ஸ் ஆஃப் டிசிஷன். அதோடு குற்றச்சாட்டுத் தாள், சாட்சிகள் பேசியதன் எழுத்துப் பதிவு, நீதிமன்றத்தில் காட்டிய படங்கள், மருத்துவ அறிக்கை எல்லாம் சேர்ந்து ஒரு கட்டாக வரும். உங்கள் நண்பர் சொன்ன ரெக்கார்ட் ஆஃப் புரொசீடிங்ஸ் இதுதான். வருவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கலாம். வந்த அன்றே மேல் தாளில் தேதியை எழுதுங்கள். அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள், 378ஆம் பிரிவுப்படி பெட்டிஷன் ஆஃப் அப்பீலை, அதாவது ஏன் எதிர்க்கிறீர்கள் என்ற காரணங்களைச் சொல்லும் மனுவை, பதிவுசெய்ய வேண்டும். தவறினால் நீங்களே அப்பீலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கொள்வார்கள். முதல் 14 நாளைச் சரியாகப் பிடித்துவிட்டு இரண்டாவதில் கோட்டை விடுபவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் கூப்பிடும் என்று காத்திருப்பார்கள். கூப்பிட மாட்டார்கள், தம்பி.

இனி எழுத வேண்டியது இந்தப் பெட்டிஷன். உங்கள் உழைப்பெல்லாம் இதற்குத்தான். நீங்கள் நல்லவர், குடும்பம் கஷ்டப்படும், எதிராளி பொய்க்காரர் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதி வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்தப்போவதில்லை. அவர் முன்னால் சாட்சிகள் வரமாட்டார்கள், அவர் பார்ப்பது அந்தக் கட்டைத்தான். சட்டத்தின் 394ஆம் பிரிவு அவருக்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: தீர்ப்பு சட்டப்படி தவறா, சாட்சியங்களின் கனத்துக்கு எதிரானதா, தண்டனை என்றால் அது வெளிப்படையாகவே மிகக் கூடுதலா அல்லது மிகக் குறைவா? இவற்றில் ஒன்றைக் காட்டாமல் தீர்ப்பை அசைக்க முடியாது.

ஆகவே கட்டு வந்ததும் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். கிரவுண்ட்ஸ் ஆஃப் டிசிஷனில் பத்திகளுக்கு எண் இருக்கும். "இது நடந்தது", "இவரை நம்புகிறேன்" என்று நீதிபதி முடிவு கட்டும் ஒவ்வோர் இடத்திலும் கோடு போடுங்கள். பிறகு அந்த முடிவுக்கு ஆதாரமான சாட்சி என்ன சொன்னார் என்று எழுத்துப் பதிவில் தேடிப் பக்க எண்ணைக் குறியுங்கள். ஒரு கற்பனை உதாரணம் தருகிறேன். "இரண்டாம் சாட்சி பொய் சொன்னார், நீதிபதி நம்பிவிட்டார்" என்று எழுதினால் அதனால் பயன் இல்லை. "தீர்ப்பின் 32ஆம் பத்தியில், முதல் அடியை இரண்டாம் சாட்சி நேரில் பார்த்ததாக நீதிபதி கொள்கிறார். ஆனால் இரண்டாம் நாள் பதிவின் 41ஆம் பக்கத்தில், சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்ததாக அதே சாட்சி ஒப்புக்கொள்கிறார். எனவே யார் முதலில் அடித்தது என்பதற்கு அவர் சாட்சியம் ஆதாரமாகாது" என்று எழுதினால் படிக்கும் நீதிபதி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். தவறு என்ன, அது எங்கே இருக்கிறது, அதனால் என்ன மாறுகிறது. ஒவ்வொரு காரணத்துக்கும் இந்த மூன்றும் வேண்டும். அப்படி நாலு காரணம் தேறினாலே அது வலுவான பெட்டிஷன்.

சாட்சி பேசிய தோரணையைப் பார்த்து விசாரணை நீதிபதி அவரை நம்பியிருந்தால், அதை மாற்ற உயர் நீதிமன்றம் மிகவும் தயங்கும். நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதிதானே. ஆனால் ஆவணத்திலிருந்தோ படத்திலிருந்தோ ஊகித்த முடிவு என்றால், அதை எடைபோட உயர் நீதிமன்றத்துக்கும் அதே வாய்ப்பு இருக்கிறது. மருத்துவ அறிக்கையும் சாட்சியின் பேச்சும் ஒத்துப்போகாத இடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பெட்டிஷனில் எழுதாத காரணத்தை, நீதிமன்றம் அனுமதித்தால் ஒழிய, பிறகு எழுப்ப முடியாது. அதற்காக மனத்தில் தோன்றியதையெல்லாம் சேர்க்கவும் வேண்டாம். பலமான காரணங்கள் பலவீனமான கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

தண்டனையையும் எதிர்ப்பதானால், மூன்று வாரம் அதிகம் என்று சொல்வது மட்டும் போதாது. 323ஆம் பிரிவுக்கு, காயத்தின் கடுமையை வைத்து மூன்று படிகளாகத் தண்டனையை அணுகும் முறையை உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு தீர்ப்பில் வகுத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல்முறைக் குற்றவாளிகளை மனத்தில் வைத்து வகுத்தது அது. உங்கள் வழக்கில் காயம் எந்தப் படியில் வரும் என்பதைப் பேசுங்கள். நீதிமன்றங்களின் தீர்ப்புகளை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் உள்ள அதே நீதிமன்றத்துக்குக் கூட்டும் அதிகாரமும் உண்டு.

விசாரணை நாள் குறித்த பிறகு, அதற்கு முன்னதாகக் கொடுக்கும் எழுத்து வாதம்தான் ஸ்கெலிட்டல் ஆர்கியுமெண்ட்ஸ். உங்கள் பதினொரு பக்கத்தில் பக்க எண்ணோடு பொருந்தும் பகுதிகள் இருந்தால் அவற்றை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக ஒரு சாட்சியோ காணொளியோ கிடைத்தால் நேரே பெட்டிஷனோடு ஒட்டிக் கொடுக்க முடியாது, தனியாக அனுமதி கேட்க வேண்டும். முயன்றிருந்தாலும் விசாரணையின்போது கிடைத்திருக்காதா, முடிவைப் பெரிதும் பாதிக்கக்கூடியதா, நம்பத்தக்கதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கே கடைக்காரரிடம் கேட்டிருக்கலாமே என்றால் கதவு பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

இப்போது பலரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பெட்டிஷன் எழுதச் சொல்கிறார்கள். நீதிமன்றம் அதைத் தடை செய்யவில்லை. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த வழிகாட்டி, கொடுப்பவரே அதன் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு என்கிறது. ஆங்கிலத்தைச் செப்பனிட அது உதவட்டும். ஆனால் அது சொல்லும் முன்தீர்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று நீங்களே தேடிப் படிக்காமல் ஒரு பெயரையும் எழுதாதீர்கள். இல்லாத வழக்கை இருப்பதாகக் காட்டினால் உங்கள் உண்மையான காரணங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அரசு நீதிமன்றங்களில் உள்ள சமூக நீதி நிலையம், புரோ போனோ எஸ்ஜியின் இலவசச் சட்ட ஆலோசனை, சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022இல் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம், எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். வருமானத்தையும் வழக்கின் தகுதியையும் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் அவர்கள் பதில் வரட்டும் என்று நோட்டீஸை நிறுத்தி வைக்காதீர்கள். முதலில் நோட்டீஸ், பிறகு உதவி.

கேள்வி: என் கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாலு மாதச் சிறை, இப்போது சாங்கியில் இருக்கிறார். தண்டனை விதித்து மூன்று வாரம் ஆகிறது. அவசரப்பட்டு ஒப்புக்கொண்டேன் என்று இப்போது வருந்துகிறார். அவருக்காக நான் கையெழுத்துப் போட்டு அப்பீல் செய்யலாமா, அம்மா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: நீங்கள் அலைய வேண்டியதில்லை, மகளே. சிறையில் இருப்பவர் தம் அப்பீல் அறிவிப்பைச் சிறைப் பொறுப்பதிகாரியிடமே கொடுக்கலாம், அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைப்பார். 379ஆம் பிரிவு அந்த வசதியைத் தருகிறது. இந்த ஒரு நிலையில்தான் வாயால் சொன்னாலும் போதும். அடுத்த முறை பார்க்கப் போகும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு தடை இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையோ அது சட்டப்படி செல்லுமா என்பதையோ மட்டுமே அப்பீலில் எதிர்க்கலாம், குற்றத் தீர்ப்பை எதிர்க்க முடியாது. எதை ஒப்புக்கொள்கிறோம் என்றே புரியாமல் ஒப்புக்கொண்டார், அல்லது ஒப்புக்கொண்ட விவரங்கள் அந்தக் குற்றமே ஆகாது என்ற அளவுக்குக் கடுமையான அநீதி இருந்தால், உயர் நீதிமன்றத்திடம் சீராய்வு கேட்கும் தனி வழி உண்டு. மனம் மாறிவிட்டது என்பது அதற்குக் காரணமாகாது.

அடுத்தது, 14 நாள் தாண்டிவிட்டது. கெடு தாண்டி அப்பீல் செய்ய உயர் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், அப்பீலில் வெற்றிபெற ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வாரத் தாமதம் பெரிதல்ல. ஆனால் காரணத்தை நாள்வாரியாக உண்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வாரமே செய்யுங்கள். நாலு மாதத் தண்டனையில் நன்னடத்தைக் கழிவும் உண்டு என்பதால், இழுத்தடித்தால் அப்பீல் வரும்போது அவர் வெளியே வந்திருப்பார்.

கேள்வி: வீவக வீட்டுப் புதுப்பிப்பு வேலையைப் பாதியில் விட்டுப்போன குத்தகைக்காரர்மீது 9,000 வெள்ளி கேட்டுச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். அவர் சொன்னதை நம்பி எனக்கு 2,000 வெள்ளிதான் கொடுத்தார்கள். அப்பீல் செய்ய விரும்புகிறேன்.
- பிடோக் வாசகர்

பதில்: வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்பீலுக்கு இடமில்லை. இந்த மன்றத்தின் ஆணையை எதிர்க்க இரண்டே காரணம்தான் செல்லும்: சட்டக் கேள்வி ஒன்றில் தவறு நடந்திருக்க வேண்டும், அல்லது அந்தக் கோரிக்கையை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரமே இல்லாதிருக்க வேண்டும். யாரை நம்புவது என்பது சட்டக் கேள்வி அல்ல. வழக்குத் தொடர 2 ஆண்டுக் கெடு இருக்கிறதே, அதைத் தவறான நாளிலிருந்து எண்ணி உங்கள் கோரிக்கையைத் தள்ளியிருந்தால் அது சட்டக் கேள்வி. காரணம் இருந்தாலும் நேரே உயர் நீதிமன்றம் போக முடியாது, முதலில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளிவரை, வழக்கறிஞரே இல்லாமல் விரைவில் முடிக்கத்தான் இந்த மன்றத்தை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அப்பீல் வழி இவ்வளவு குறுகல். நீங்கள் வராத நாளில் ஆணை போட்டிருந்தால் கதை வேறு: அதை ரத்து செய்யக் கேட்கும் விண்ணப்பம் தனி, அப்பீல் அல்ல. இல்லையென்றால், உங்கள் நேரத்தை அந்த 2,000 வெள்ளியை வசூலிப்பதில் செலவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. பிரிந்து வாழும் கணவர் எனக்கும் பிள்ளைக்கும் மாதம் 600 வெள்ளி தர வேண்டும் என்று போன வாரம் குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டது. இது போதாது. ஆனால் இந்தப் பணத்தை வாங்கினால் சம்மதித்ததாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். அப்பீல் தாளைத் தமிழில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் தமிழில்தான் இருக்கின்றன.
- தோ பாயோ வாசகி

பதில்: தாள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், அக்கா. தமிழ்ச் செய்திகளைச் சான்றாகக் காட்ட அவற்றின் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், பிள்ளை எழுதிக் கொடுத்தது போதாது. எல்லாச் செய்தியையும் மொழிபெயர்க்கக் கொடுத்தால் செலவு எகிறிவிடும். பணத்தைப் பற்றிப் பேசும் செய்திகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆனால் அவை முதல் விசாரணையிலேயே காட்டப்பட்டவையா என்று பாருங்கள். அப்போது காட்டாததை இப்போது புதிதாகச் சேர்ப்பது எளிதல்ல.

விசாரணையில் பேசத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அஃபிடவிட் (சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலத் தாள்) எதிலாவது கையெழுத்துப் போடும்போது, அதை முழுவதும் தமிழில் படித்துக்காட்டிய பிறகே, உறுதிமொழி ஆணையர் முன்னால் போடுங்கள். "சும்மா போடுங்கம்மா, வழக்கமான தாள்தான்" என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் நீங்கள் சத்தியம் செய்து சொன்னது ஆகிவிடும்.

உங்களுக்கும் 14 நாள் கெடுதான், அதில் ஒரு வாரம் போய்விட்டது. ஆனால் அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நீதிபதி முன்னால் இருந்த கணக்கை வைத்தே 600 வெள்ளி தவறு என்கிறீர்களா? உதாரணத்துக்கு, சம்பளச் சீட்டில் இருந்த கூடுதல் நேரச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாரா? அப்படியானால் அது அப்பீல். உத்தரவுக்குப் பிறகு அவருக்குச் சம்பளம் உயர்ந்தாலோ, பிள்ளைக்கு மருத்துவச் செலவு கூடினாலோ, அது உத்தரவை மாற்றக் கேட்கும் வேறு விண்ணப்பம். நிலைமை மாறியதைக் காட்டி அதை அப்போது போடலாம். தவறான தாளைத் தேர்ந்தெடுத்து அப்பீலில் தோற்றால், எதிர்த்தரப்புச் செலவையும் நீங்கள் சுமக்க நேரலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 600 வெள்ளியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாங்கினால் சம்மதித்ததாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நம்ப வேண்டாம். நீதிமன்றம் வேறு உத்தரவு போடும்வரை அந்தப் பணம் மாதாமாதம் உங்கள் கைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால், எந்த மாதம் எவ்வளவு வரவில்லை என்று தேதியோடு எழுதி வாருங்கள். உத்தரவை அமல்படுத்தக் கேட்கும்போது அந்தக் கணக்கைத்தான் கேட்பார்கள்.